கூண்டெலியின் கடைசி நாட்கள்

வீட்டில் வளர்க்கும் பெண் எலிக்கு ஒன்றரை வயது கடந்ததும், கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை எங்காவது ஒரு கட்டி தோன்றுவது மிக இயல்பு. பெரும்பாலும் அது புற்று அன்று. பால்சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் சேர்ந்து திரளும் நார்க்கட்டி. வேறு உறுப்புகளுக்குப் பரவாது. ஆனால் வளர்ச்சி நிற்பதில்லை. சில மாதங்களில் எலி இழுத்துக்கொண்டு நடக்க வேண்டிய பாரமாகிவிடும். அதை அறுத்தெடுப்பதா, அப்படியே விடுவதா, நடக்கவும் தின்னவும் முடியாத நிலை வரும்போது எலியின் உயிரை வலியில்லாமல் முடித்துவைப்பதா? இந்தக் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவம் இன்று தரும் விடைகளில் மிகச் சிலவே வீட்டு வளர்ப்பிலிருந்து வந்தவை. ஆய்வுக்கூடம், நாடாளுமன்றம், நீதிமன்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய விடைகள் அவை. அந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

எலியின் ஆயுள் 2 முதல் 3 ஆண்டுகள். பெண் எலிக்கு ஆறு இணைக் காம்புகள். அவற்றின் அடியிலுள்ள பால்சுரப்பித் திசு வயிற்றோடு நின்றுவிடாமல் கழுத்து, அக்குள், விலா, பின்தொடை வரை விரிந்து கிடக்கிறது. தாடைக்குக் கீழே எழும் கட்டிகூட மடிக்கட்டியாக இருப்பது இதனால்தான். இன்னொரு கட்டி வெளியே தெரியாது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் அது வளர்கிறது. முன்னங்கால்களால் தீனியைப் பிடித்துத் தின்ன முடியாமல் எலி தடுமாறத் தொடங்கும்போதுதான் அது இருப்பதே புலப்படும். இரண்டுக்கும் ஹார்மோன் வழியே தொடர்பு உண்டு: பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின், பால்சுரப்பித் திசுவை வளரத் தூண்டுகிறது.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை, வாலாஜாபாத் எல்லாம் ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். அங்கே எலி என்றால் வயலெலி. கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்துவைக்கும் பகை. அதைப் பிடிப்பது இருளர்களின் தொழில். வரப்பில் வளையின் வாய்களை அடையாளம் கண்டு, ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை மண்ணால் அடைத்து, மண்பானையில் வைக்கோலை மூட்டி, பானையின் துளையில் வாய் வைத்து ஊதிப் புகையை உள்ளே செலுத்துவார்கள். எலியும் உணவு, வளைக்குள்ளிருந்து கிடைக்கும் நெல்லும் உணவு. ஊதுகிறவர்களின் உதடும் கையும் பொசுங்கின. புகை நெஞ்சுக்குள் போனது. வாயால் ஊதுவதற்குப் பதில் கையால் சுழற்றிப் புகை செலுத்தும் எஃகுக் கருவி ஒன்றை இருளர்களுக்கு வழங்கும் திட்டத்துக்கு 2003இல் உலக வங்கியின் மேம்பாட்டுப் போட்டியில் பரிசு கிடைத்தது. தாமதமாக வந்த உதவிதான், ஆனாலும் நல்ல உதவி. எலியை வளர்த்துச் சாகும்வரை பராமரிக்கும் வழக்கம் இந்த வயல்களிலிருந்து வந்திருக்க வழியில்லை. அது வேறோர் எலியோடு, வேறொரு வழியில் வந்தது.

இன்று கூண்டில் வளர்க்கப்படுவது 'ராட்டஸ் நார்வெஜிகஸ்' என்ற இனம். ஆசியாவின் வடபகுதியில் தோன்றி, கப்பல்களோடு உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் விக்டோரியா அரசியின் எலிபிடிப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், பிடிபட்ட எலிகளில் வெள்ளையும் விசித்திர நிறமும் கொண்டவற்றைத் தனியே இனப்பெருக்கம் செய்து, கூண்டில் வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு விற்றார். 1901இல் ஆய்ல்ஸ்பரி நகரில் நடந்த சுண்டெலிக் கண்காட்சியில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் பெரிய எலிகளும் முதன்முறையாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டன. அவர் மறைந்த பிறகு அந்த ஆர்வம் தணிந்து, 1976இல் பிரிட்டனில் தேசிய வளர்ப்பெலிச் சங்கம் தோன்றியபோதுதான் மீண்டும் தழைத்தது. இடைப்பட்ட காலத்தில் வெள்ளை எலியின் முகவரி ஆய்வுக்கூடம். 1906 முதல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனம் ஒரே சீரான வெள்ளை எலிகளை வளர்த்தது. 1925இல் விஸ்கான்சினில் ஸ்பிராக்–டாலி வகை உருவானது. இன்றைய வளர்ப்பெலிகளும் ஆய்வக எலிகளும் ஒரே இனம் என்பதால் கட்டி வரும் பாங்கும் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது.

தமிழ் மண்ணில் வெள்ளை எலிக்கு முறையான பராமரிப்பு கிடைத்த இடம் குன்னூர். 1918இல் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். 1928இல் அது ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. மெக்காரிசன் கேட்ட கேள்வி எளியது: இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உடல்வாகில் இவ்வளவு வேறுபடுவதற்குச் சாப்பாடு எவ்வளவு காரணம்? ஒரே வயதும் ஒரே எடையும் கொண்ட எலிக்குஞ்சுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதியின் சாப்பாட்டைக் கொடுத்தார். சீக்கியர் உணவு உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராமை எட்டியது. பட்டாணியர் உணவில் 230, மராட்டியர் உணவில் 225, கூர்க்கர் உணவில் 200, கன்னடர் உணவில் 185, வங்காளியர் உணவில் 180. சென்னை மாகாணத்தின் அரிசிச் சாப்பாடு உண்டவை 155 கிராமில் நின்றுவிட்டன. தீட்டிய அரிசியைப் பெருமையாக உண்டுவந்த ஒரு நாட்டின் சமையலறைக்கு அந்த 155 கொடுத்த எச்சரிக்கையைத் தமிழர்கள் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை.

வளர்ப்பெலியின் வரலாற்றுக்கு அதைவிட முக்கியமானது, சோதனைக்கு உட்படுத்தாமல் இனவிருத்திக்காக மெக்காரிசன் வைத்திருந்த எலிக்கூட்டம். முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, வாரம் ஒருமுறை எலும்போடு சிறிது இறைச்சி, ஏராளமான தண்ணீர். இவற்றோடு வெயில், காற்று, சுத்தமான வைக்கோல் படுக்கை. இரண்டே கால் ஆண்டுக் காலம் அந்தக் கூட்டத்தில் நோயும் இல்லை, வளர்ந்த எலிகளில் இயற்கைச் சாவும் இல்லை என்று அவர் பதிவு செய்தார். எலியைச் சுத்தமாகவும் நல்ல தீனியிலும் வைத்தால் அது நோயற்று வாழும் என்பதற்கு அப்போது உலகில் கிடைத்த மிக வலுவான சான்றுகளுள் ஒன்று இது. மற்றக் குழுக்களின் கதை நேர்மாறானது. வெள்ளை ரொட்டி, மார்கரின், டின் இறைச்சி, இனிப்புத் தேநீர் என்று ஏழை ஆங்கிலேயரின் சாப்பாட்டை உண்ட எலிகள் குன்றின, எரிச்சல் கொண்டன, பலவீனமானவற்றைக் கொன்று தின்றன. சத்துக் குறைந்த தீனி உண்ட வேறு எலிகளுக்கு இரைப்பைப் புண்ணும் சிறுநீர்ப்பைக் கல்லும் வந்தன. மனிதர்கள் நலத்துக்காக அவை பட்ட துன்பத்தை அக்கால அறிக்கைகள் எண்களாகப் பதிந்தன, துன்பமாகப் பதியவில்லை. ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது.

தீனிக்கும் கட்டிக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வகங்கள் கண்டன. தீனியைக் குறைத்தால் சுண்டெலிகளில் கட்டியின் வளர்ச்சி மட்டுப்படும் என்று 1914இல் பெய்ட்டன் ரவுஸ் எழுதினார். 1940களில் ஆல்பர்ட் டானன்பாம் சுண்டெலிகளில் அதை விரிவாக உறுதிப்படுத்தினார். 1961இல் சார்லஸ் ஹக்கின்ஸ் ஒரே ஒரு வேளை வேதிப்பொருளை ஊட்டி ஸ்பிராக்–டாலி எலிகளுக்கு மார்பகப் புற்றை வரவழைக்கும் முறையை வெளியிட்டார். மனித மார்பகப் புற்று பற்றிய ஹார்மோன் ஆராய்ச்சிக்கு அது நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது. சூலகங்களை இளவயதில் நீக்கிய எலிகளில், இல்லாவிட்டால் ஏறத்தாழப் பாதிப் பெண் எலிகளுக்கு வரக்கூடிய மடிக்கட்டி மிகச் சிலவற்றுக்கே வருகிறது என்பதும் இந்த வகை ஆராய்ச்சியின் கொடை.

மருந்து, பூச்சிக்கொல்லி, உணவுச் சேர்மம் ஆகியவை புற்று உண்டாக்குமா என்று சோதிப்பதற்கு 1981இல் பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு வகுத்த நெறிமுறை, எலிக்கு 24 மாதச் சோதனையை விதித்தது. ஒவ்வோர் அளவுக்கும் 50 ஆண், 50 பெண். கூடவே எதுவும் கொடுக்கப்படாத ஒப்பீட்டுக் குழு ஒன்று. இந்த ஒப்பீட்டுக் குழுவின் எலிகளிலும் பெண்கள் பெருவாரியாகக் கட்டி கண்டன. வேதிப்பொருளின் குற்றத்தைத் தனியே பிரித்தறிய வேண்டியிருந்ததால், எந்த மாதத்தில் எந்த இடத்தில் என்ன கட்டி இயல்பாகவே வரும் என்பதை ஆய்வகங்கள் துல்லியமாகப் பதிந்துவைத்தன. வளர்ப்பெலி வைத்திருப்பவருக்கு இன்று மருத்துவர் சொல்லும் கணிப்புகளில் பெரும்பாலானவை, பெயரில்லாத அந்த எலிகளின் உடற்கூறு அறிக்கைகளிலிருந்து வருகின்றன. இந்தக் கடனை மறந்து வளர்ப்பெலியைப் பற்றி எழுதுவது நியாயமாகாது.

இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், எந்தப் பூச்சிமருந்தும் பதிவாகும் முன் நஞ்சியல் தரவுகளைக் கேட்கிறது. அந்தத் தரவுகளைத் தயாரிக்கும் நிறுவனங்களில் ஒன்று, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்கு முன்னால் வரும் படப்பையில் இருக்கிறது. முன்பு பிரெட்ரிக் பயிர்ப்பாதுகாப்பு நஞ்சியல் நிறுவனம் என்றும், பின்னர் சர்வதேச உயிரித்தொழில்நுட்ப நஞ்சியல் நிறுவனம் என்றும் அது அறியப்பட்டது. வாகனத் தொழிற்சாலைகளால் மட்டும் பெயர் பெற்ற இந்தச் சாலையில், எலியின் உடல் வழியாக மனிதப் பாதுகாப்பை அளக்கும் தொழிலும் நடந்துவருகிறது என்பதை அவ்வழியே போகிறவர்களில் பலர் அறிவதில்லை.

கட்டியோடு இருக்கும் எலியை எப்போது சாகவிடலாம் என்ற கேள்வியும் சோதனைக் கூடத்திலேயே முதலில் எழுத்து வடிவம் பெற்றது. பழைய வழக்கத்தில் எலி தானாகச் சாவதுவரை காத்திருந்து அந்த நாளைக் குறித்துக்கொண்டார்கள். 1988இல் பிரிட்டனின் புற்று ஆய்வுக் குழு அதை மறுத்து, கட்டியின் எடை விலங்கின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எலியின் கட்டி 4 செ.மீ. விட்டத்தை எட்டினால் நிறுத்திவிட வேண்டும் என்பது பல ஆய்வகங்களின் நடைமுறை. தோல் வெடித்துப் புண்ணானாலோ, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, தீனியையும் தண்ணீரையும் எட்ட முடியாமல் போனாலோ அளவைப் பார்க்கத் தேவையில்லை. 2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியின் முகத்தைக் கொண்டே வலியை அளக்கும் முறையைத் தந்தார்கள். கண் இடுங்குதல், மூக்கும் கன்னமும் தட்டையாதல், காது மடங்குதல், மீசை மயிர் விறைத்தல் ஆகிய நான்கும் அதன் அடையாளங்கள். பேசாத உயிரின் வலியைப் படிக்க முடியாது என்ற சாக்குக்கு அதன்பின் இடமில்லை.

விலங்கின் உயிரை இரக்கத்தால் முடிக்கலாமா என்பதில் இந்தியாவில் இரண்டு வழக்கங்கள் மோதின. 1906இல் சென்னை அயனாவரத்தில் தொடங்கிய பிஞ்சராபோல் முதல் வழக்கத்தைச் சேர்ந்தது. முதுமையும் நோயும் கண்ட மாடுகளுக்குத் தீனி போட்டு, இயற்கையாகச் சாவு வரும்வரை வைத்திருப்பது அதன் தருமம். இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரோடு வந்த விலங்கு வதைத் தடுப்புச் சங்கங்களின் வழக்கம். மீளாத துன்பத்தில் கிடக்கும் விலங்கை விரைவாகக் கொல்வதே கருணை என்று அவை நம்பின. 1890ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் இந்த இரண்டாம் நோக்கையே பின்பற்றியது. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் குணமாகாத வேதனையில் துடித்த கன்றுக்குட்டி ஒன்றை மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு முடிக்கச் செய்தார் காந்தி. அகிம்சையின் தலைவரே பசுவின் கன்றைக் கொன்றுவிட்டார் என்று அகமதாபாத் கொதித்தது. தன் உடலுக்கு அந்த நிலை வந்தாலும் அதையே விரும்புவேன் என்ற நிலையில் நின்று அவர் தன் இதழ்களில் விடையளித்தார். இந்திய மண்ணில் விலங்கின் கருணைச் சாவு பற்றி வெளிப்படையாக நடந்த முதல் பெரிய விவாதம் அதுவே எனலாம்.

அந்த விவாதத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தவர் சென்னைக்காரர். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1953இல் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் விளைவு 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 1986இல் மறையும்வரை அந்தப் பணியில் இருந்தார். வாரியத்தின் தலைமையகம் 2018இல் ஹரியானாவுக்கு மாறும்வரை சென்னையிலேயே இருந்தது. பரதநாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைவில் வைத்திருக்கும் தமிழகம், அவர் செய்ததில் பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

சட்டத்தின் 2ஆம் பிரிவு 'விலங்கு' என்றால் மனிதர் நீங்கலான எந்த உயிரும் என்கிறது. யானையும் எலியும் அதில் சமம். 11ஆம் பிரிவு, தேவையில்லாத கொடிய முறையில் எந்த விலங்கையும் கொல்வதைக் குற்றமாக்குகிறது. 13ஆம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்று கால்நடை மருத்துவ அலுவலர் சான்றளித்தால், உரிமையாளர் இல்லாவிட்டாலும் இசையாவிட்டாலும், நீதித்துறை நடுவரின் ஆணைபெற்று விலங்கின் உயிரை முடிக்கக் காவல்துறைக்கு வழி தருகிறது. 17ஆம் பிரிவு ஆய்வுக்கூடத்துக்கானது: மயக்கத்தில் நடக்கும் சோதனையில், தேறினால் கடுந்துன்பம்தான் மிஞ்சும் என்ற அளவு காயப்பட்ட விலங்கை, மயக்கம் தெளிவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வலியின்றிச் சாகும் உரிமையை ஆய்வக எலிக்கு இந்தியச் சட்டம் எழுத்தில் கொடுத்தது 1960இலேயே. தண்டனைதான் கேலிக்கூத்து: முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் அபராதம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொகை உயராதது நாடாளுமன்றத்தின் குறை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேறு திசையில் போனது. காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகியவற்றை அதன் 5ஆம் அட்டவணை தீங்குயிர் என்று பட்டியலிட்டது. ஒரே உயிர் ஒரு சட்டத்தில் இரக்கத்துக்குரியதும் இன்னொன்றில் ஒழிக்கத்தக்கதுமாக அரை நூற்றாண்டு இருந்தது. 2022இல் நிறைவேறிய திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. இதற்கிடையில் ஆய்வு விலங்குகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு 1998இன் விதிகளால் வலுப்பெற்றது. எலி அறையின் வெப்பம் 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது வரை அதன் வழிகாட்டி பேசுகிறது. மாற்று, குறைப்பு, செம்மை என்று உலகம் சொல்லிவந்த மூன்று நெறிகளோடு மறுவாழ்வு என்ற நான்காவதையும் இந்தியக் குழு சேர்த்தது. சோதனை முடிந்த விலங்கின் பிற்காலப் பராமரிப்பும் ஆய்வுச் செலவின் பகுதி என்ற எண்ணம் இதனால் இங்கே வேரூன்றியது. 2018இன் வளர்ப்புப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் வரிசையில் எலி வகையையும் சுண்டெலி வகையையும் வளர்ப்புப்பிராணி என்றே பெயர் சொல்லிக் குறித்தன.

அதே 2018இல் தமிழ்நாட்டில் ஒரு யானை இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுவந்தது. சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை ராஜேசுவரிக்கு வயது 42. கால்கள் செயலிழந்து, எழ முடியாமல், படுக்கைப் புண்ணோடு கிடந்தது. அதைக் கருணைக்கொலை செய்ய அனுமதி கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜியும் நீதிபதி அப்துல் குத்தூசும் அடங்கிய அமர்வு, அரசுக் கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று அவர் சான்றளித்தால் கருணைக்கொலை செய்யலாம் என்று ஆணையிட்டது. அந்த முடிவை எடுக்கும் நிலை வருவதற்குள், ஏப்ரல் 21 அன்று ராஜேசுவரி தானே இறந்தது. கோயில் யானைக்குக்கூட இப்படி ஒரு முடிவு இரக்கமாக இருக்க முடியும் என்பதைப் பல பக்தர்கள் முதன்முறையாக எண்ணிப் பார்த்தார்கள். மருத்துவரின் சான்று, மீளாத துன்பம், வலியற்ற முறை என்ற மூன்றும் 300 கிராம் எலிக்கும் அப்படியே பொருந்தும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் இதே காலத்தில் உருமாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் நோக்கியா ஆலை வந்து 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. வயல்கள் மனைகளாயின, மாட்டுக் கொட்டகைகள் வாடகை அறைகளாயின. கால்நடை மருத்துவ அமைப்பு மட்டும் பழைய உருவிலேயே நின்றது. 1892இல் தொடங்கிய அரசின் கால்நடைத் துறை மாட்டையும் ஆட்டையும் காக்கப் பிறந்தது. அதன் மருந்தகங்கள் இன்றும் சினை ஊசிக்கும் கோமாரித் தடுப்பூசிக்குமே முதன்மையாக இயங்குகின்றன. எலிக்கு மயக்கவாயு கொடுத்து அறுவை செய்யும் வசதி வேண்டுமென்றால் ஒரகடத்துக்காரர் சுமார் 50 கிலோமீட்டர் தாண்டி வேப்பேரிக்குப் போக வேண்டியிருக்கிறது. 1903இல் டாபின் ஹால் என்ற வாடகைக் கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது.

மருத்துவ நடைமுறை இன்று ஓரளவு தெளிவானது. கட்டி சிறிதாகவும் தோலுக்கடியில் நகர்வதாகவும் இருக்கும்போது அறுவை எளிது. பெரிதாகிவிட்டால் தடித்த ரத்தநாளங்கள் அதற்குள் ஓடும். 300 கிராம் எலியின் உடலில் மொத்த ரத்தமே 20 மில்லிலிட்டர் அளவுதான். சில மில்லிலிட்டர் போனாலே உயிருக்கு ஆபத்து. அறுவைக்கு முன் எலியைப் பட்டினி போடக் கூடாது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி அதன் ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். அறுவை மேசையில் உடல் சூடு குறையாமல் காக்க வேண்டும். தையலைக் கடித்துப் பிரிக்காமலிருக்க உள்தையல் போடுவார்கள். ஒரு கட்டியை எடுத்த பின் வேறிடத்தில் இன்னொன்று எழுவது அடிக்கடி நடக்கும். ஆகவே எலியின் வயது, மூச்சின் நிலை, முந்தைய அறுவைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே அடுத்த முடிவு. மைக்கோபிளாஸ்மா கிருமியால் மூச்சு இரைக்கும் எலிக்கு மயக்கமே ஆபத்து.

அறுவை வேண்டாம் என்று முடிவானால் எஞ்சியிருப்பது ஆறுதல் பராமரிப்பு. மருத்துவர் எழுதித்தரும் அளவில் மெலாக்சிகாம் போன்ற வலிமருந்து, ஏறத் தேவையில்லாத ஒரே தளக் கூண்டு, கம்பித் தரைக்குப் பதில் மென்துணி, தலை தூக்காமலே எட்டும் தண்ணீர். கட்டி தரையில் உராய்ந்து புண்ணாகாதபடி நாள்தோறும் பார்த்துத் துடைத்துவிட வேண்டும். பிட்யூட்டரிக் கட்டியால் கடிக்க முடியாத எலிக்குக் குழைந்த சோறும் பருப்பும் போதும். இந்த வட்டாரத்தின் கோடையில் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே வைக்கப்பட்ட கூண்டு, கட்டி கொல்வதற்கு முன்பே எலியைக் கொன்றுவிடும். எலி கூட்டத்தோடு வாழும் உயிர் என்பதால், நோய்ப்பட்டதைத் துணையிடமிருந்து பிரிப்பது பெரும்பாலும் தீங்கு.

முடிவுக்கான நேரத்தை நாட்குறிப்பு காட்டிக்கொடுக்கும். வாரம் இருமுறை எடை, தின்ற அளவு, மயிரை நக்கிச் சுத்தம் செய்கிறதா, அழைத்தால் வருகிறதா, கண்ணோரத்திலும் மூக்கிலும் செந்நிறக் கசிவு காய்ந்து கிடக்கிறதா என்று குறித்துவந்தால் சரிவு எண்களில் தெரியும். முதலில் மயக்கவாயு, உணர்வு முழுக்கப் போனபின் மிகையளவு மயக்கமருந்து ஊசி: இதுவே ஏற்கப்பட்ட முறை. நீரில் அமிழ்த்துவது, உறைபெட்டியில் வைப்பது, ஈதரோ குளோரோபார்மோ முகரவைப்பது எதுவும் கருணை ஆகாது. முதலிரண்டும் 11ஆம் பிரிவின்படி குற்றமாகவே கொள்ளத்தக்கவை. இறந்த எலியைக் கையுறையோடு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமியை வளர்ப்பெலியும் சுமக்கக்கூடும்.

எலி வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை அதன் கழுத்து, அக்குள், விலா, தொடையிடுக்கு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். கட்டி புளியங்கொட்டை அளவில் இருக்கும்போதே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், 4 செ.மீ. ஆன பிறகு கொண்டுபோனால் அவர் செய்யக்கூடியது மிகக் குறைவு.